புதுச்சேரியில் திருநர் இளையோரும் காவல் துறையும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

திருநர் உரிமை வரலாறு பெரும்பாலும் பிரித்தானிய இந்தியச் சட்டங்களிலிருந்தே தொடங்கப்படுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அத்தொடக்கம் பொருந்தாது. அவ்வேறுபாட்டை விளக்கி, இன்று காவலரை எதிர்கொள்ளும் புதுச்சேரித் திருநர் இளையோர் எச்சட்டத்தைத் துணையாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவேறு சட்ட மரபுகள்

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம், வடஇந்திய மாகாணங்களில் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் சேர்த்துக் கண்காணிக்க வகைசெய்தது. பதிவேட்டில் இடம்பெற்றவர் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினால் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ 377ஆம் பிரிவின்வழி 'இயற்கைக்கு மாறான' புணர்ச்சியைக் குற்றமாக்கியது.

பிரான்சு அத்தகைய குற்றத்தை 1791லேயே நீக்கிவிட்டது. 1810ஆம் ஆண்டின் தண்டனைத் தொகுப்பும் அதனை மீண்டும் சேர்க்கவில்லை. எனினும் அம்மரபைத் தாராளமானது என முழுமையாகக் கொள்வதற்கில்லை. நிலையான உறைவிடமும் தொழிலும் இன்றித் திரிவதை அத்தொகுப்பு குற்றமாகக் கருதியது. குடும்பத்தால் விலக்கப்பட்டோர் மீது காவலர் கைவைக்க அதுவே போதுமானது.

1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1963ஆம் ஆண்டின் சட்டங்கள் நீட்டிப்பு ஒழுங்குமுறை, இந்தியத் தண்டனைச் சட்டத்தை இங்கு நடைமுறைப்படுத்தியது. இவ்வாறு, பிரித்தானியர் இயற்றிய 377ஆம் பிரிவு, காலனியாட்சி அகன்ற பின்னரே புதுச்சேரிக்குள் நுழைந்தது. வயதுவந்தோரின் இசைவான உறவுக்கு அப்பிரிவு பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தீர்ப்பளித்தது.

ஒரே நீதிமன்றம், வேறு விதிகள்

1962 முதல் சென்னை உயர் நீதிமன்றமே புதுச்சேரிக்கும் உரியது. திருட்டு வழக்கு விசாரணையில் சென்னைக் காவலரின் கொடுமைக்கு ஆளாகித் தீக்குளித்து இறந்த திருநங்கையின் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க இந்நீதிமன்றம் 2007இல் ஆணையிட்டது. 2021இல் நீதியரசர் ந. ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி விதி 2022இல் சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்கள் நலனுக்காகப் பணியாற்றுவோரையும் காவலர் துன்புறுத்துவதை அது தடைசெய்கிறது. ஆயின் அது தமிழ்நாட்டுக் காவலருக்குரிய விதி. கோரிமேட்டைக் கடந்து நகருக்குள் வருபவருக்கு அவ்விதி துணைவராது.

எல்லை கடந்து நிற்கும் உரிமைகள்

அரசமைப்பின் 22ஆம் உறுப்பு இருபுறமும் செல்லும். கைதுக்கான காரணத்தை அறிதல், வழக்கறிஞரைக் கலந்தாலோசித்தல், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படல் ஆகியவை அதன்வழிப் பெறும் உரிமைகள். 18 வயதுக்குட்பட்டவரைக் காவல் நிலையச் சிறையறையில் அடைப்பதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. திருநரை உடலாலோ பாலியலாகவோ துன்புறுத்துவது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை தண்டனைக்குரியது. உடற்சோதனையிலோ ஓர் இடைவெளி உள்ளது. பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும் எனக் கூறும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, திருநரை யார் சோதிப்பது என வரையறுக்கவில்லை.

முடிவுரை

சென்னையில் ஆக்கப்பட்ட உரிமைக் கையேட்டைப் புதுச்சேரி இளையோரிடம் அப்படியே வழங்குவது பிழையாகும். காவல் நிலையத்தில் செல்லாத விதியைச் சுட்டுபவர், செல்லும் உரிமையையும் இழக்க நேரலாம். ஆதலின் இந்நகருக்கான சட்ட விழிப்புணர்வு அரசமைப்பிலிருந்தும் ஒன்றியச் சட்டங்களிலிருந்தும் தொடங்க வேண்டும். 24-சியை ஒத்த விதியைக் கோருவது அதன் அடுத்த படியாகும்.