காற்பந்தும் கேலிப் பேச்சும்



நம் தோட்டங்களில் பெரட்டுக்கு நிற்கும்போது, கங்காணியார் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே வேறொரு கணக்கு நடந்து முடிந்துவிடும். எந்த அணி தோற்றது, எத்தனை கோல் வாங்கியது என்ற கணக்குத்தான் அது. அந்தக் கேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சிறிது பார்ப்போம்.

1921ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. அந்தப் பணத்தில் ஈயத்தோடு ரப்பருக்கும் பங்கு உண்டு. ஆகவே நம் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய உழைப்பும் அதில் சேர்ந்திருந்தது. கப்பலில் வந்தவர்கள் இங்குள்ளவர்களோடு பந்தாடி மகிழ்ந்து, நன்றியாக ஒரு கிண்ணத்தை வழங்கினார்கள். அதுவே மலாயாக் கிண்ணம். 1967 முதல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர்.

முதல் இறுதியாட்டம் அதே ஆண்டில் கோலாலம்பூரில், இன்று டத்தாரான் மெர்டேக்கா எனப்படும் திடலில் நடந்தது. சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. சொந்தத் திடலிலேயே தோல்வி! மறு ஆண்டு சிலாங்கூர் வென்றது. 1928, 1929 இரண்டு ஆண்டுகளிலும் இவ்விரு அணிகளும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. கேலி பேச யாருக்கும் வழியில்லாமல் போன ஆண்டுகள் அவை.

இந்தப் பகை உச்சத்தில் இருந்தது 1975க்கும் 1981க்கும் இடையில். அந்த ஏழு ஆண்டுகளில் ஆறு முறை இவ்விரு அணிகளும் இறுதியாட்டத்தில் மோதின. 1980இல் சிங்கப்பூர் 2-1 என்று வென்றது. மறு ஆண்டு சிலாங்கூர் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது. அதன்பின் சிங்கப்பூர் சில ஆண்டுகள் போட்டியில் இல்லை. நாலு கோல் கதையை யாரிடம் போய்ச் சொல்வது? ஏச்சு வாங்க எதிராளி இல்லாவிட்டால் வெற்றியிலும் பாதிச் சுவை போய்விடுகிறது.

ஆனால் கேலிக்கு வேறோர் ஆள் வீட்டுக்குள்ளேயே கிடைத்தார். 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. பின்னர் அதற்கென்று ஓர் அணியும் வந்தது. அதுவரை பிரிக்ஃபீல்ட்ஸ்காரரும் கிள்ளான்காரரும் ஒரே சிவப்பு மஞ்சள் கொடியைத்தான் பிடித்தார்கள். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்காள் புருஷன் ஒரு பக்கம், கிள்ளானில் இருக்கும் மச்சான் மறுபக்கம். நம் வழக்கத்தில் மாமன் மச்சான் முறைக்காரர்கள் எவ்வளவு கேலி பேசினாலும் குற்றமில்லை; பங்காளிகள் பேசினால்தான் வெட்டுக்குத்து. காற்பந்துக் கேலி இந்த முறைக்குள் அழகாகப் பொருந்திக்கொண்டது. 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோலாலம்பூர் கிண்ணத்தை வென்றபோது, கிள்ளான் மச்சான்மார் கல்யாண வீடுகளில் பந்தியின் கடைசி வரிசையைத் தேடினார்கள்.

1993இல் இன்னொரு வேடிக்கை. பழைய எதிரிகளான சிலாங்கூரும் சிங்கப்பூரும் இரண்டாம் பிரிவு லீக்கில் ஒன்றாகக் கிடந்தன! அங்கேயும் சிலாங்கூர் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். மறு ஆண்டு சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தை வென்று, நுழைவுச்சீட்டு வசூல் தகராறில் போட்டியை விட்டே விலகியது. 1995 முதல் மூன்று ஆண்டுகள் சிலாங்கூருக்குக் கிண்ணம். "நாங்கள் இல்லாததால்தானே?" என்று கேட்கச் சிங்கப்பூர்க்காரருக்கு நல்ல வாய்ப்பு.

திடலில் எழும் எல்லா ஏச்சும் ஒரே ரகமல்ல. 'காயூ' என்றால் மலாயில் கட்டை. நடுவரைப் பார்த்துக் 'காயூ' என்று கத்துவதை நாம் 'மரமண்டை' என்பதோடு சேர்த்துச் சிரித்துவிடலாம். கோல் விட்டவரின் நிறத்தையும் இனத்தையும் இழுத்துப் பேசுவது வேறு. நம் பிள்ளைகள் அதையும் காதில் வாங்கியிருக்கிறார்கள். பந்தாடப் போன பையன் ஒருவன் அந்தச் சொல்லுக்காகவே காலணியைக் கழற்றி மூலையில் போட்டதை நாம் கண்டிருக்கிறோம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய சிலாங்கூர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரியவராகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1988 டிசம்பரில் அவர் சாலை விபத்தில் மறைந்தபோது, கோலாலம்பூர் அணியின் ரசிகர்களும் சேர்ந்துதான் வருந்தினார்கள்.

பிறகு கோலாலம்பூரின் வீழ்ச்சி. 2014இல் அந்த அணி மூன்றாம் நிலையில் ஆடவேண்டியதாயிற்று. கிள்ளான் மச்சான் விடுவாரா? 2015இல் சிலாங்கூர் 33ஆவது முறையாகக் கிண்ணத்தை வென்றபோது அவர் பேச்சுக்கு அளவே இல்லை. 2021 நவம்பர் 30ஆம் நாள் கோலாலம்பூர் 2-0 என்று ஜொகூரை வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அத்தான் உடனே கிள்ளானுக்குத் தொலைபேசி எடுத்தார். மச்சானின் பதில் தயாராக இருந்தது: "நாலாவது கிண்ணமா? இன்னும் இருபத்தொன்பதுதான் பாக்கி, அத்தான்!"