குந்திப்புழாவும் சோலைமந்தியும்

நீலகிரி மலையின் தென்மேற்குச் சரிவில் பிறக்கும் குந்திப்புழா, பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கு நோக்கி ஓடி, சைரந்திரிக்குக் கீழே ஒடுங்கிய பாறை இடுக்கில் இறங்கிச் சமவெளியை அடைகிறது. மற்றத் திசைகளை உயர்ந்த முகடுகள் அடைத்து நிற்கின்றன. உள்ளே போக எளிய வழி இல்லாததால்தான் இந்த மழைக்காடு பெருமளவு கோடரிக்குத் தப்பியது. 1847இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இப்பகுதியை ஆராய்ந்தார். 1914இல், மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, இது காப்புக்காடாயிற்று.

இக்காட்டில் முதலில் சொல்லவேண்டிய மரம் வெடிப்பலா. இதன் பூக்கள் முதிர்ந்த கிளைகளின் பட்டையிலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும். சோலைமந்தி, கருமந்தி, வௌவால் எனப் பல உயிர்கள் சதைப்பற்றான அப்பூக்களைத் தின்கின்றன. முள் போர்த்த காய் வந்ததும் சோலைமந்தி அதைப் பிளந்து விதையை எடுக்கும். சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் இந்த மந்தி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே எந்தக் காட்டிலும் இயற்கையாக வாழ்வதில்லை. பெரும்பாலும் தரையிறங்காமல் வாழும் அதற்குக் கிளையோடு கிளை தொடும் காடு வேண்டும். இடையில் நீர்ப்பரப்பு வந்தால் கூட்டங்கள் துண்டாகிவிடும்.

காட்டைக் காத்த அதே இடுக்கு, அணை கட்டுவோர் கண்ணையும் ஈர்த்தது. 1928இலேயே மின் உற்பத்திக்கு ஏற்ற இடமாகச் சைரந்திரி குறிக்கப்பட்டது. 1973இல் திட்டக்குழு அணைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கும் என்று கணக்கிட்டனர். மொத்தப் பரப்பில் அது சிறு பகுதியே என்பது ஆதரவாளர் வாதம். ஆனால் மூழ்கவிருந்தது ஆற்றங்கரைக் காடு; அங்கே நீர் பரவினால் சோலைமந்திக் கூட்டங்கள் துண்டாகிவிடும். பரப்பளவை மட்டும் வைத்து அதன் மதிப்பை எடைபோட்டது பெரும்பிழை.

மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், அணை வேண்டுமா என்ற கேள்வியை ஊர்தோறும் கொண்டுசென்றது. கவிஞர் சுகதகுமாரியும் எழுத்தாளர்கள் பலரும் போராட்டத்தில் இறங்கினர். அறிவியல் ஆய்வும் மக்கள் குரலும் இப்படி ஒன்றுசேர்ந்ததுதான் அப்போராட்டத்தின் வலிமை. எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தார்.

பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு வெளியே ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாத்திரக்கடவில் அணை கட்டும் யோசனை 2000க்குப் பின் எழுந்தது. அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. 2007இல் 148 சதுர கிலோமீட்டர் காடு பூங்காவைச் சுற்றிய தாங்கல் பகுதியாகச் சேர்க்கப்பட்டது.