நல்ல தேயிலையைத் தெரிவு செய்வோம்

இனிப்பற்ற ஜேர்மனிய வெள்ளை வைனை நாடுவோர் போத்தலில் ‘ட்ரொக்கன்’ என்ற சொல்லைத் தேடுவர். லீற்றருக்கு 9 கிராமுக்கு மேல் சீனி இல்லை என்பதற்கு அச்சொல்லே சட்டம் தரும் உத்தரவாதம். ஹுன்னஸ்கிரிய மலைச்சாரல்களில் விளையும் தேயிலையின் பெருமை பேசும் நாமும் பொதியை வாசிக்கப் பழகுதல் வேண்டும்.

பி.ஓ.பி. என்பது இலையின் அளவையே குறிக்கும், தரத்தையன்று. 2,000 முதல் 4,000 அடி உயரத்தில் விளையும் கண்டித் தேயிலைக்குச் செம்பு நிறச் சாயமும் திடமான சுவையும் இயல்பு. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையோ, உள்ளிருப்பது முற்றிலும் இலங்கைத் தேயிலை என்பதையும், அது இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதையும் உணர்த்தும்.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடக்கிய இத்தொழிலைத் தாங்கி நிற்பது மலையக மக்களின் உழைப்பே. கலப்புத் தேயிலை இலங்கைப் பெயரைக் கெடுக்குமாயின், அவர்களது கூலிக்கான குரலும் வலுவிழக்கும். விலையைப் பார்க்குமுன் இலச்சினையைப் பார்ப்போமாக.