காலநிலை மாற்றம்

காலநிலை மாற்றம் என்பது வெப்பம், மழை, காற்று ஆகியவற்றின் நீண்டகாலச் சராசரியில் ஏற்படும் மாறுதலைக் குறிக்கும். ஒரு நாளின் வெயிலும் மழையும் வானிலை எனப்படும். பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரியே காலநிலை ஆகும். புவியின் சுற்றுப்பாதையில் நேர்ந்த சிறு மாறுதல்களால் பனிக்காலங்கள் பலமுறை வந்து நீங்கியுள்ளன. தற்போதைய வெப்ப உயர்வுக்கு மனிதச் செயல்களே முதன்மைக் காரணமாகும்.

கண்டறியப்பட்ட வரலாறு

1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. 1859-இல் ஜான் டிண்டால் இவ்வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை ஆய்வகத்தில் அளந்தார். காற்றில் இதன் அளவு இருமடங்கானால் வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியசு உயரும் என 1896-இல் சுவீடனின் அர்ரேனியசு கணக்கிட்டார். எனினும் அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றும், குளிர்நாடுகளுக்கு அது நன்மை தரும் என்றும் அவர் கருதினார்.

1938-இல் ஆங்கிலேய நீராவிப் பொறியாளர் கை கேலண்டர், புவி ஏற்கெனவே வெப்பமடைந்து வருவதை வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். கூடுதல் வாயுவைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் என நம்பிய அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை.

1958-இல் சார்லஸ் கீலிங், அவாயித் தீவின் மவுனா லோவா மலையில் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் அது ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 1964-இல் நிதிக் குறைப்பால் அப்பணி சில மாதங்கள் நின்றுபோனது. பின்னர் மீண்டும் தொடர்ந்தது. 2013-இல் ஒரு நாள் அளவீடு முதன்முறையாக 400-ஐக் கடந்தது. தொழிற்புரட்சிக்கு முன் இவ்வளவு ஏறத்தாழ 280 மட்டுமே.

காரணங்கள்

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதே முதன்மைக் காரணம். காடழிப்பும் சிமெந்து உற்பத்தியும் கரியமில வாயுவைக் கூட்டுகின்றன. நெல்வயல், கால்நடை, குப்பைமேடு ஆகியவற்றிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது.

விளைவுகள்

1850–1900 காலத்துடன் ஒப்பிட, 2011–2020-இல் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. பனியாறுகள் சுருங்குகின்றன, வெப்ப அலைகளும் கனமழையும் மிகுகின்றன. கடல்நீர் சூடேறியதால் 2016-இல் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. மிகக் குறைவாகவே புகை வெளியிடும் மாலத்தீவு, துவாலு போன்ற தாழ்ந்த தீவு நாடுகள் நிலத்தையே இழக்கும் நிலையில் உள்ளன.

வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே நிறுத்தவும், 1.5 பாகைக்குள் கட்டுப்படுத்த முயலவும் 2015-இல் பாரிசு உடன்படிக்கையில் நாடுகள் இணங்கின. வெளியிடப்பட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்குவதால், இன்றைய தாமதத்தின் விளைவைப் பின்வரும் தலைமுறைகளும் சுமக்க நேரிடும்.