முதியோரின் இதயச் செயலிழப்பு: உடல் தளர்ச்சியும் சுயபராமரிப்பும்

உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாமல் போகும் நிலைக்கு இதயச் செயலிழப்பு என்று பெயர். மாரடைப்பு சட்டென்று வருவது. இதயச் செயலிழப்போ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பது. நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். சாயங்காலமானால் கால் வீங்கும். இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வரும். இந்த நோயுள்ளவர்களில் பலருக்கு உடல் தளர்ச்சியும் சேர்ந்தே இருக்கிறது. குவின் டென்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் தளர்ந்த நிலையில் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கையில் ஒரு வேலைப்பட்டியலும் வருகிறது. தினமும் எடை பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரைகளை நேரம் தவறாமல் போட வேண்டும், கால் வீக்கத்தைக் கவனிக்க வேண்டும், கொஞ்சமாவது நடக்க வேண்டும். மருத்துவம் இதைச் சுயபராமரிப்பு என்கிறது. ஒவ்வொன்றும் அவசியமான வேலைதான். ஆனால் அதைச் செய்யக் கண்பார்வை, நினைவாற்றல், கால்பலம் மூன்றும் வேண்டும். அவை குறைந்துபோனவரிடம் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி வேலை நடக்காது. பிறகு, 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்ற பழியும் அவர்மீதே விழுகிறது.

தளர்ச்சி என்பது வெறும் வயதுக் கணக்கு அல்ல. எண்பதில் திடமாக நடப்பவரும் உண்டு, அறுபத்தைந்தில் தளர்ந்துபோனவரும் உண்டு. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு லிண்டா ஃப்ரைடும் குழுவினரும் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடியில் வலுக்குறைவு, மெதுவான நடை, உடலுழைப்புக் குறைவு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய கட்டம். கனடாவின் கென்னத் ராக்வுட் வேறு வழியில் போனார். அன்றாட வேலைகளை ஒருவர் எந்த அளவுக்குத் தானே செய்துகொள்கிறார் என்பதைப் பார்த்து மருத்துவர் மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை 2005இல் அவர் குழு வெளியிட்டது. ஏழு படிகளோடு தொடங்கிய அது இன்று ஒன்பது படிகளாக வளர்ந்திருக்கிறது.

இதய நோயும் தளர்ச்சியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தசைகளுக்குப் போதிய இரத்தம் போவதில்லை. குடலில் நீர்கோத்துப் பசி மந்தமாகிறது. மூச்சு வாங்குமே என்ற பயத்தில் நடை நின்றுபோகிறது. தசை கரைகிறது. ஒரு தடவை மருத்துவமனையில் பத்து நாள் படுத்து எழுந்தால், போகும்போது இருந்த கால்பலம் திரும்பும்போது இருப்பதில்லை. அசதி இரண்டுக்குமே பொதுவான அறிகுறி என்பதால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டாரும் சில சமயம் மருத்துவரும் விட்டுவிடுகிறார்கள்.

சுயபராமரிப்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் செவிலியர்துறைப் பேராசிரியர் பார்பரா ரீகல். 2012இல் டைனி யார்ஸ்மா, அன்னா ஸ்ட்ரோம்பெர்க் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கோட்பாடு சுயபராமரிப்பை மூன்றாகப் பிரிக்கிறது. உடல்நிலையை நிலையாக வைத்துக்கொள்வது முதலாவது, மாற்றங்களைக் கண்காணிப்பது இரண்டாவது, மாற்றம் தெரிந்தால் அதற்கேற்ப முடிவெடுத்துச் செயல்படுவது மூன்றாவது. தளர்ந்தவர்கள் அதிகம் தடுமாறுவது பின்னிரண்டில்தான். வயது கூடக்கூடத் தன் மூச்சிரைப்பைத் தானே உணர்வதும், அதற்கு என்ன பொருள் என்று கண்டுகொள்வதும் கடினமாவதை ரீகலின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எடை பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தச் சின்ன மேடையில் சுவரைப் பிடிக்காமல் ஏறி நிற்க வேண்டும். சுவரைப் பிடித்தால் எண் குறைவாகக் காட்டும். நிமிர்ந்து நின்றால் கண்புரை உள்ளவருக்குக் காலடியில் இருக்கும் எண் தெரியாது, குனிந்தால் தலை சுற்றும். பார்த்த எண்ணை எழுதி வைத்து நேற்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இதற்கும் மேலே இன்னொரு சிக்கல் இருக்கிறது. தசை கரைந்துகொண்டே நீர் சேர்ந்தால் மொத்த எடை மாறாமல் நின்றுவிடும். ஆகவே தளர்ந்தவர்களுக்கு எடைக்கருவி மட்டும் போதாது. முழந்தாளுக்குக் கீழே எலும்பின்மேல் விரலால் சில நொடி அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் சேர்ந்திருக்கிறது. வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம் இது.

உப்பு விஷயத்தில் பயமே சில சமயம் கெடுதலாகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பதே ஐரோப்பிய வழிகாட்டுதல். அதற்காகச் சப்பென்ற சாப்பாட்டை வெறுத்து ஒரு பிடியோடு எழுந்துவிடுகிறவருக்கு எடையும் தசையும் சேர்ந்து குறையும். ஜஸ்டின் எசகோவிட்ஸ் தலைமையில் ஆறு நாடுகளில் 806 பேரிடம் நடந்து 2022இல் வெளியான சோடியம்-ஹெச்எஃப் ஆய்வில், கடுமையான உப்புக் கட்டுப்பாடு மரணத்தையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் போதிய அளவு வயிற்றுக்குள் போகிறதா என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும். உப்புக்கு மாற்றென்று நினைக்கும் இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த 'குறைசோடிய' உப்போ, உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்தாகவே முடியலாம்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். நன்றாக இருந்தவர் திடீரென மூச்சுத் திணறி வந்தால் மருத்துவர் முதலில் விசாரிப்பவற்றில் இதுவும் ஒன்று.

நீர் மாத்திரையைக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ பஸ்ஸில் போகும் நாளில் பலர் விட்டுவிடுகிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற கவலை நியாயமானது. அதை மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் நேரத்தை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கும். இரண்டாவது வேளை மாத்திரையைப் பிற்பகலிலேயே போட்டுக்கொண்டால் இரவில் எழுந்து போகும் தொல்லை குறையும், இருட்டில் விழும் அபாயமும் குறையும்.

தளர்ந்தவர் என்பதற்காக மருந்தைக் குறைப்பதும் தவறு. 70 வயதைக் கடந்த 2128 பேரிடம் நெபிவோலால் என்ற இதய மருந்தைச் சோதித்து 2005இல் வெளியான சீனியர்ஸ் ஆய்வில், மரணத்தையும் இதயநோய்க்காக மருத்துவமனையில் சேர்வதையும் கூட்டிப் பார்த்தபோது பலன் தெரிந்தது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மற்றொரு மருந்தின் ஆய்வுத் தரவுகளிலும் தளர்ந்தவர்களுக்குப் பலன் குறையவில்லை. 2013இல் நோயாளிகளைப் பதிவுசெய்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 1205 பேர் இடம்பெற்றார்கள். சராசரி வயது 61தான். ஆனாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் 59 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். வழிகாட்டுதல்படியான மருந்துகள் கிடைக்காதவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது.

நம்பிக்கை தரும் செய்தி, தளர்ச்சியை ஓரளவு மீட்கலாம் என்பது. டேலன் கிட்ஸ்மன் தலைமையில் அமெரிக்காவில் 349 பேரிடம் நடந்த ரிஹேப்-ஹெச்எஃப் ஆய்வு 2021இல் வெளியானது. 60 வயதைத் தாண்டி, இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் 97 விழுக்காட்டினர் தளர்ந்தவர்கள் அல்லது அதன் விளிம்பில் இருந்தவர்கள். நாற்காலியிலிருந்து எழுவது, தடுமாறாமல் நிற்பது, நடப்பது, வலுவைக் கூட்டுவது என்று ஒவ்வொருவரின் நிலைக்கேற்ற பயிற்சி படுக்கையில் இருக்கும்போதே தொடங்கியது. வீடு திரும்பியபின் வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம் நீடித்தது. மூன்றாம் மாத முடிவில் 12 புள்ளி உடற்திறன் சோதனையில் பயிற்சி பெற்றவர்கள் 8.3, மற்றவர்கள் 6.9 பெற்றார்கள். மறுபடி மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனாலும் கைத்தாங்கல் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்வர முடிவதும், தானாக எழுந்து வாசலில் போய் உட்காருவதும் அந்த வயதில் சின்ன விஷயமல்ல.

வேலையைப் பகிர்ந்துகொள்வது அடுத்த வழி. இத்தாலியில் எர்கோலே வெல்லோனே குழுவினர் நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவருமாக 510 இணைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கண்டிக்காமல், அவர்கள் வாயிலிருந்தே தடைகளை வரவழைத்துப் பேசும் ஊக்குவிப்பு உரையாடல் சுயபராமரிப்பை மேம்படுத்தியது. மகளோ மருமகளோ வாரத்துக்கான மாத்திரையை வேளைவாரியாகப் பெட்டியில் பிரித்து வைத்தால், எடுத்துப் போட்டுக்கொள்ளும் வேலையைப் பெரியவரே செய்யலாம். எல்லாவற்றையும் பிடுங்கிச் செய்துவிடுவது இன்னொரு வகையில் தளர்ச்சியைக் கூட்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. தனியாக வாழும் முதியவரின் காலை அழுத்திப் பார்க்கவும் எடையைக் குறித்து வைக்கவும் இப்படி வீடு தேடி வருபவர்களையே பழக்கலாம்.

மருந்தும் பயிற்சியும் எட்டாத கட்டமும் வரும். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 150 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது. மனச்சோர்வும் பதற்றமும் தணிந்தன. மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதா, மார்பில் பொருத்திய மின்னதிர்ச்சிக் கருவியைக் கடைசிக் காலத்தில் நிறுத்திவிடுவதா, எங்கே யாருடன் இருக்க விருப்பம் என்ற கேள்விகளைப் பெரியவர் தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரிடம் நேரடியாகக் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும்.