மேற்படிப்பு முடித்த நர்ஸ்களும் 85 சதவீதமும்

அமெரிக்காவில் காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால், டாக்டரைப் பார்க்காமலே மருந்துச் சீட்டோடு திரும்பி வரலாம். சீட்டு எழுதித் தருபவர் ஒரு நர்ஸாக இருப்பார். 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று பெயர். முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்கள். ஆனால் இந்த உரிமை பட்டத்தோடு சேர்ந்து வந்துவிடவில்லை.

லொரெட்டா ஃபோர்ட் 1961ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கிராமங்களில் சுகாதார நர்ஸாக இருந்தபோது, குழந்தைகளுக்கு டாக்டர் கிடைக்காத கஷ்டத்தை நேரில் பார்த்தவர். 1965ல் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், கடுமையான எதிர்ப்பு நர்ஸிங் பேராசிரியர்களிடமிருந்தே வந்தது. நர்ஸ்களை இவர் குட்டி டாக்டர்களாக்கிவிடுவார் என்று பயந்தார்கள்.

அடுத்தது சட்டம். 1971ல் ஐடஹோ மாநிலம்தான் முதலில் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் நர்ஸ் வேலையில் அடங்கும் என்று ஏற்றது. மிசௌரியில் இரண்டு நர்ஸ்கள் ஏழைப் பெண்களுக்கான குடும்பநல கிளினிக்கில், டாக்டர்கள் எழுதிக் கொடுத்த வழிமுறைப்படி வேலை பார்த்தார்கள். அனுமதியில்லாமல் மருத்துவம் பார்க்கிறார்கள் என்று மாநில மருத்துவ வாரியம் மிரட்டியது. கீழ் கோர்ட்டில் தோற்று, 1983ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். டாக்டரின் நேரடி மேற்பார்வை கட்டாயம் என்ற நிபந்தனையை 1975ம் வருட சட்டமே எடுத்துவிட்டிருந்தது, அதுதான் காப்பாற்றியது.

தனித்தனியாக மோதிப் பயனில்லை என்று 1985ல் தேசிய அளவில் சங்கம் அமைத்தார்கள். 1993ல் இன்னொரு சங்கமும் முளைத்தது. (இரண்டும் ஒன்றாகச் சேர 2013 ஆனது, சங்கம் என்றால் எங்கேயும் அப்படித்தான் போல!)

சங்கங்கள் வாஷிங்டனில் கேட்டது கௌரவத்தை மட்டுமல்ல, பில் போடும் உரிமையையும்தான். முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரில் நர்ஸ் தன் பெயரில் பில் போட முன்பு கிராமப்புறம் போன்ற சில இடங்களில் மட்டுமே வழி இருந்தது. மற்ற இடங்களில் வேலை நர்ஸுடையது, பில் டாக்டர் பெயரில். கணக்குப் புத்தகத்தில் அந்த நர்ஸ் வெறும் செலவு, வரவே கிடையாது! 1997ல் வந்த சட்டம் இதை நாடு முழுவதும் மாற்றியது. ஆனால் டாக்டருக்கு 100 டாலர் என்றால் நர்ஸுக்கு 85. அதே வேலை டாக்டரின் மேற்பார்வையில் நடந்து அவர் பெயரில் பில் போனால் முழு 100. லாபம் பார்க்கும் கிளினிக் எந்தப் பெயரைப் போடும்?

ஃபோர்ட் 2025 ஜனவரியில் 104 வயதில் காலமானார். அப்போதும் அந்த 85 மாறியிருக்கவில்லை.