நிலைத்திணை ஆய்வின் தோற்றம்: தியோபிராசுடசும் தொல்காப்பியரும்

அறிவியலின் தோற்றம் கூறப் புகுவோர் தாலிசு, அரிசுடாட்டில் முதலியோரையே முன்னிறுத்துவர். அரிசுடாட்டிலின் மாணாக்கரும், அவர்க்குப்பின் ஏதென்சில் அவர்தம் பள்ளிக்குத் தலைமை பூண்டவருமாகிய தியோபிராசுடசு (ஏறத்தாழக் கி.மு. 371–287) நம்மிடையே மிகுதியும் எண்ணப்பெற்றிலர். நிலைத்திணை பற்றி அவர் இயற்றிய நூல்களுள் இரண்டு இன்றும் கிடைக்கின்றன. 9 பகுதிகளாலாய முன்னது உறுப்பும் வகையும் உரைக்கும். 6 பகுதிகளாக எஞ்சியுள்ள பின்னது காரணம் ஆராயும். அலெக்சாந்தர் படையெடுப்பின் வழிக் கிடைத்த செய்திகளைக்கொண்டு, விழுதூன்றும் ஆலினையும் அவர் விளக்கினார், மிளகினையும் அறிந்திருந்தார்.

மரம், செடி, குறுஞ்செடி, பூண்டு என நால்வகை வகுத்த அவர், இவ்வரையறை பெரும்பான்மை பற்றியதே என்றும், பயிரிடும் முறையால் ஒன்று பிறிதொன்றன் வடிவு கொள்ளும் என்றும் உடன் உரைத்தார். நீலகிரிச் சோலூர்ப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களைக் கண்டபோது யாம் இவ்வுண்மையை நேரில் உணர்ந்தோம். இடுப்பளவு நிற்கும் அச்செடி, கவாத்துச் செய்யாது விடின் மரமாக வளரும். தாம் வகுத்த வகையின் எல்லையைத் தாமே காட்டும் இந்நேர்மையே அறிவியலின் வித்து என்க.

இனித் தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பிரிக்கின்றது. இதன்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினமாம். தியோபிராசுடசோ உருவும் உயரமும் நோக்கிப் பேரீந்தினை மரங்களோடு வைத்தார். பனையினத்தை ஏனை மரங்களினின்று வேறாக்கி, ஒருவித்திலைத் தாவரம் என்னும் பிரிவில் புல்லோடு சேர்க்கும் இற்றைத் தாவரவியல், இவ்விடத்துத் தொல்காப்பிய நெறிக்கே அணித்தாகின்றது.

இதுகொண்டு நம்மவரே முந்தினர் எனக் கூறல் பொருந்தாது. மரபியலின் காலம் பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. அன்றியும், மரபியலின் நோக்கம் சொல்வழக்கினை வரையறுத்தல். கிரேக்கர் நோக்கம் காரணம் தேடல். வயிரம் புறத்தே அமைவது ஏன் என்னும் வினா மரபியலில் எழவில்லை. கூரிய காட்சி நம்மிடம் இருந்தது. அதனைத் தொடர்ந்த வினா அந்நூலுள் இல்லை. இவ்வேறுபாட்டை மறையாது கூறுதலே தொல்காப்பியர்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.